குருட்டு வீரர்களும் காது கேளாத சித்தப்பாவும்: ஒரு ஸ்பானியப் பேய்ப்படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிய பதிவு

தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு மணைப்பலகை. அதன்மேல் சாய்த்து வைத்த பழைய டேப்லெட். அதில் ஓடுவது 101 நிமிடக் கறுப்பு வீடியோ. அவ்வப்போது வெள்ளை எழுத்தில் தமிழ் வரிகள் தோன்றி மறையும், வேறொன்றும் இராது. மேலே புளூ-ரே வட்டு ஓடும்போது கீழே இதுவும் கூடவே ஓட வேண்டும். நான்கு மாத வேலைக்குப் பிறகு கையில் இருப்பது இவ்வளவுதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு என் சித்தப்பா, 1972-இல் வெளிவந்த ஒரு ஸ்பானியப் பேய்ப்படத்தை முதலிலிருந்து கடைசிவரை, இடையில் நிறுத்தி "என்ன சொல்கிறான்?" என்று ஒருமுறைகூடக் கேட்காமல் பார்த்து முடித்தார்.

சித்தப்பா பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றவர். தறிச் சத்தம் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டுவிட்டது. நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினால் காதுக்கருவி உதவுகிறது. படத்தின் ஒலியோ அந்தக் கருவிக்குள் வெறும் இரைச்சலாகிவிடுகிறது. ஆங்கில சப்டைட்டிலை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். தமிழ் என்றால் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரே மூச்சில் படிப்பவர். பேய்ப்படம் என்றால் அவருக்குச் சிறுவயதிலிருந்தே உயிர்.

நான் எடுத்துக்கொண்ட படம் அமாண்டோ டே ஒசோரியோ இயக்கிய 'லா நோச்செ டெல் டெர்ரோர் சியேகோ'. 'குருட்டுப் பயங்கரத்தின் இரவு' என்று பொருள். ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்து தயாரித்தது. சிலுவைப்போர்க் காலத்துத் துறவி வீரர்களான டெம்ப்ளர்கள் சிலர் சாகாவரம் தேடி நரபலி கொடுக்கிறார்கள். அவர்களைத் தூக்கிலிடுகிறார்கள். தொங்கும் உடல்களின் கண்களைக் காகங்கள் கொத்தித் தின்றுவிடுகின்றன. நூற்றாண்டுகள் கழித்துக் கல்லறையிலிருந்து எழும்போது அவர்களுக்குப் பார்வை இல்லை. ஒலியை வைத்தே ஆளைத் தேடுகிறார்கள். ஓடினால் காலடி கேட்கும். கத்தினால் சொல்லவே வேண்டாம். அசையாமல் நின்றால் நெஞ்சு துடிப்பது கேட்கும்.

இந்தக் கதையை முதலில் சொன்னபோது சித்தப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவர்களுக்குக் காது மட்டும் இருக்கிறது, எனக்குக் கண் மட்டும் இருக்கிறது. பார்க்கலாம் கண்ணு" என்றார். வேலை அன்றுதான் தொடங்கியது.

இந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சிக் கடைசியில், 1960-களின் இறுதியிலிருந்து 70-களின் நடுப்பகுதிவரை, ஸ்பெயினில் பேய்ப்படங்கள் அலையலையாக வந்தன. 'ஃபாண்டாட்டெரர்' என்று அதற்கு ஒரு பெயரே உண்டு. தணிக்கை கடுமையாக இருந்த நாட்டில் இவை எப்படித் தப்பின என்றால், பேய்க்கு ஸ்பானியக் குடியுரிமை கொடுக்காததால்தான். எடைதூக்கும் வீரராக இருந்து நடிகரான ஹசிந்தோ மொலினா, பால் நாச்சி என்ற பெயரில் ஓநாய் மனிதனாக நடித்தபோது, அந்தப் பாத்திரம் வால்டெமார் தானின்ஸ்கி என்ற போலந்துக்காரனாக ஆனது. ஸ்பானிய ஓநாய் மனிதனைத் தணிக்கையாளர்கள் ஏற்கவில்லை. 1971-இல் லியோன் கிளிமோவ்ஸ்கி இயக்கத்தில் நாச்சி நடித்த 'லா நோச்செ டே வால்புர்கிஸ்' நன்றாக ஓடியது. அதன் பிறகுதான் தயாரிப்பாளர்கள் வரிசையில் நின்றார்கள். ஒசோரியோவின் டெம்ப்ளர்கள் எழுவதும் எல்லைக்கு அப்பால், போர்ச்சுகலில்தான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரே காட்சியை இரண்டு விதமாக எடுப்பார்கள். உள்நாட்டுக்கு நடிகை முழு உடையோடு, ஏற்றுமதிக்கு உடை குறைத்து. ஏற்றுமதியான பிரதியை வாங்கியவர் தம் ஊர்ச் சந்தைக்கு ஏற்ப மறுபடி வெட்டுவார். ஆகவே அந்தக் காலத்துப் படம் ஒன்றைக் கையில் எடுக்கும்போது முதலில் எழ வேண்டிய கேள்வி, இது யார் வெட்டியது என்பதே. எனக்கு அந்தக் கேள்வி மிகவும் தாமதமாகத்தான் எழுந்தது.

என்னிடம் முதலில் இருந்தது நண்பர் ஒருவர் கொடுத்த பழைய ஐரோப்பிய டிவிடி. ஆங்கில டப்பிங் மட்டும் கொண்டது. அதை வைத்தே முதல் சப்டைட்டிலை எழுதினேன். முறை இதுதான்: வட்டு தொலைக்காட்சியில் ஓடும். மடிக்கணினியில் 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருளில் ஒரு கறுப்பு வீடியோவைத் திறந்து, இரண்டையும் ஒன்றாகத் தொடங்குவேன். ஒரு வசனம் ஆரம்பிக்கும்போது ஒரு விசை, முடியும்போது இன்னொரு விசை. இப்படி நேரங்களை மட்டும் முதலில் பிடித்துக்கொண்டு, எழுத்தைப் பிறகு நிரப்பினேன். வட்டை உடைத்துக் கோப்பாக்கும் வேலை எதுவும் தேவைப்படவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். காது கேட்டு, மூளை உணர்ந்து, விரல் அழுத்துவதற்குள் கால் நொடி போய்விடும். முடிந்ததும் எல்லா வரிகளையும் ஒட்டுமொத்தமாக 250 மில்லிநொடி முன்னால் நகர்த்தினேன். சரியாக உட்கார்ந்தது.

ஆறு வாரம் ஆனது. பிறகுதான் புளூ-ரே வந்தது. அமெரிக்காவின் சினாப்ஸ் நிறுவனம், வெட்டுப்படாத மூல நெகட்டிவிலிருந்து சீரமைத்து வெளியிட்டது. இந்தியாவில் இருந்து வாங்குபவர்கள் மண்டலக் குறியீட்டை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். புளூ-ரேயில் அமெரிக்கா 'ஏ' மண்டலம், ஐரோப்பா 'பி', நாம் 'சி'. எல்லா மண்டலத்தையும் ஓட்டும் பிளேயர் என்னிடம் முன்பே இருந்ததால் தப்பினேன்.

வட்டைப் போட்டு, என் தமிழ்க் கோப்பைக் கூடவே ஓட்டினேன். பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. வரிகள் வசனத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தன, இடைவெளி வளர்ந்துகொண்டே போனது.

வளரும் இடைவெளி என்றால் வேகக் கோளாறு. நிலையான இடைவெளி என்றால் தொடக்கக் கோளாறு. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்). ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையான 'பால்' (PAL) நொடிக்கு 25 சட்டகம். அந்தக் காலத்து ஐரோப்பிய டிவிடிகளில் படத்தைச் சுமார் 4 சதவீதம் வேகமாக ஓட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். புளூ-ரேயில் இருப்பது 23.976. விகிதம் 1.0427. பத்தாவது நிமிடத்தில் வித்தியாசம் 25 நொடி. ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ இரண்டரை நிமிடம். சப்டைட்டில் எடிட்டில் சட்டக வேகத்தை மாற்றும் கட்டளை இருக்கிறது. 25 என்பதை 23.976 ஆக்கினேன். வேகம் சரியானது.

அதோடு இன்னொன்றும் புரிந்தது. வேகம் கூடினால் சுருதியும் கூடும். பழைய டிவிடியில் படம் முழுவதும் அரைக்கட்டைக்குச் சற்றே குறைவாக மேலேறி ஒலித்திருக்கிறது. டெம்ப்ளர்கள் வரும்போது அந்தோன் கார்சியா அப்ரில் அமைத்த ஓதல் ஒலிக்கும். பாட்டு என்று சொல்ல முடியாது. பூமிக்கு அடியிலிருந்து ஆண்குரல்கள் முனகுவது போன்ற ஒன்று. புளூ-ரேயில் அதைக் கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அதே குரல்கள்தான், ஆனால் இப்போது அவற்றுக்குப் பாரம் இருந்தது. சித்தப்பாவுக்காக நான் முன்பு "[ஓதும் குரல்கள்]" என்று மட்டும் எழுதியிருந்தேன். அதை "[தாழ்ந்த ஆண்குரல்களில் ஓதல்]" என்று மாற்றினேன்.

வேகம் சரியான பிறகும் படம் சேரவில்லை. தொடக்கத்தில் நான் எழுதியிருந்த பன்னிரண்டு வரிகள் அநாதையாக நின்றன. டெம்ப்ளர்கள் ஒரு பெண்ணைப் பலியிடும் பழங்காலக் காட்சி என் டிவிடியில் படத்தின் முதல் காட்சி. புளூ-ரேயில் உள்ள ஸ்பானியப் பதிப்பில் அது அங்கே இல்லை. படம் பாதி கடந்த பிறகு, நூலகத்தில் இருக்கும் பேராசிரியர் காண்டால் அந்தப் பழங்கதையைச் சொல்லும்போதுதான் வருகிறது. வெளிநாட்டு விநியோகத்துக்காக அதைப் பெயர்த்து முன்னால் ஒட்டியிருக்கிறார்கள். இரத்தமும் அந்தரங்கமும் உள்ள இடங்களைக் குறைத்தும் இருக்கிறார்கள்.

இடமாற்றம் என்ன செய்கிறது என்பதை, கோப்பை வெட்டி ஒட்டும் வேலையில்தான் முழுதாக உணர்ந்தேன். வர்ஜீனியா என்ற பெண் தோழியோடு மனத்தாங்கல் கொண்டு, ஓடும் ரயிலிலிருந்து குதித்து, பெர்ஸானோ என்ற பாழடைந்த ஊரில் தனியாக இரவு தங்குகிறாள். ஆங்கிலப் பதிப்பில் கல்லறையிலிருந்து எழுவது யார் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். நாம் அவளைவிட அறிவாளிகளாக உட்கார்ந்திருக்கிறோம். ஸ்பானியப் பதிப்பில் நமக்கும் ஒன்றும் தெரியாது. அவளுக்கு எது புரியவில்லையோ அதுவே நமக்கும் புரியவில்லை. படத்தின் மிக நீளமான, ஏறக்குறைய வசனமே இல்லாத அந்தப் பகுதி இந்த அறியாமையில்தான் நிற்கிறது. ஒரு காட்சியைக்கூடக் கெடுக்காமல், இடத்தை மட்டும் மாற்றி ஒரு படத்தைக் கெடுத்துவிட முடியும்.

சீரமைப்பு என்றால் கீறல் போக்கி நிறம் தெளிவாக்குவது என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். என் கருத்து முற்றிலும் மாறியது அடுத்து நடந்ததால்.

காது கேளாதவருக்கு எழுதும் சப்டைட்டிலில் வசனத்தோடு ஒலிகளையும் எழுத வேண்டும். பெர்ஸானோவின் இரவுக் காட்சியில் நான் ஐந்தாறு இடங்களில் "[காற்று வீசும் ஒலி]" என்று எழுதியிருந்தேன். டிவிடியில் தெளிவாகக் கேட்டது, ஒரே சீரான 'உஸ்' என்ற ஒலி. புளூ-ரேயில் அந்த இடங்களைச் சரிபார்க்கப் போனால் காற்றையே காணோம். மூன்று முறை திருப்பிப் போட்டேன். ஒலியைக் கூட்டினேன். ஒன்றும் இல்லை. பழைய பிரதியின் தேய்ந்த ஒலித்தடத்து இரைச்சலை நான் காற்று என்று எழுதியிருக்கிறேன். ஒசோரியோ அங்கே வைத்திருந்தது நிசப்தம்.

ஒலியை வைத்து வேட்டையாடும் பேய்களைப் பற்றிய படத்தில் நிசப்தம் என்பது சும்மா இருப்பதல்ல. அவள் ஒரு கல்லை மிதித்தால் போதும் என்ற இடம் அது. காற்று வீசிக்கொண்டிருந்தால் அவளுக்கு ஒரு மறைவு கிடைத்துவிடுகிறது. நான் அந்த ஐந்தாறு வரிகளால் படத்தின் அச்சத்தையே சித்தப்பாவுக்கு இல்லாமல் செய்யவிருந்தேன். உடனே எல்லாவற்றையும் நீக்கினேன்.

நீக்கியதும் வேறொரு சிக்கல். வரி எதுவும் வராவிட்டால் சித்தப்பா என்ன நினைப்பார்? அவரிடமே கேட்டேன். "எழுத்து வரவில்லை என்றால் சத்தம் இல்லையா, நீ எழுதவில்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நிசப்தம் படத்தினுடையதா, தன்னுடையதா என்று அவருக்குப் பிரித்தறிய வழியில்லை. எனவே நிசப்தத்தையும் எழுதினேன். அது தொடங்கும் இடத்தில் "[நிசப்தம்]". அது உடையும் இடத்தில், உடைக்கும் ஒலியின் பெயர். இந்தப் படத்தில் "[நிசப்தம்]" என்ற சொல் ஒன்பது முறை வருகிறது. நான் எழுதியவற்றில் மிக முக்கியமான வரி இதுதான் என்று கருதுகிறேன்.

மொழிக்கு வருகிறேன். ஸ்பெயினில் வெளிநாட்டுப் படங்களை ஸ்பானியத்தில் டப்பிங் செய்வதை 1941-இல் ஓர் அரசாணை கட்டாயமாக்கியது. பின்னாளில் கட்டாயம் நீங்கியும் பழக்கம் நீங்கவில்லை. அந்தக் காலத்துக் கூட்டுத் தயாரிப்புகளில் ஒவ்வொரு நடிகரும் தமக்குத் தெரிந்த மொழியில் பேசுவார்கள், குரல் எல்லாம் பிறகு பதிவுக்கூடத்தில் சேரும். இந்தப் படத்தில் பெட்டி (Betty) என்ற நாயகியாக நடித்த லோனெ ஃபிளெமிங் டென்மார்க்கில் பிறந்தவர். எந்தத் தடத்தை மூலம் என்று கொள்வது என்பதற்கு எளிய விடை கிடையாது. நான் ஸ்பானியத் தடத்தையே எடுத்துக்கொண்டேன். அதற்கு ஒரு தமிழ்க் காரணம் உண்டு.

ஸ்பானியத்தில் 'து' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆங்கில டப்பிங்கிலிருந்து எழுதியபோது யார் யாரை நீ என்பார், யார் நீங்கள் என்பார் என்பதை நானாக ஊகித்திருந்தேன். ஸ்பானியத்தைக் கேட்டால் ஊகம் தேவையில்லை. பள்ளித் தோழிகளுக்கு இடையே 'து', பேராசிரியரிடம் 'உஸ்தெத்'. என் ஸ்பானியம் ஆரம்பப் பாடப்புத்தகத்தைத் தாண்டாதது. வசனத்தின் பொருளுக்கு வட்டில் இருந்த ஆங்கில சப்டைட்டிலையும், மரியாதைக்கு என் காதையும் நம்பினேன். வினைச்சொல்லின் விகுதியைக் கூர்ந்து கேட்டால் போதும். ஏறத்தாழ நாற்பது வரிகள் மாறின. மனிதர்களுக்கு இடையிலான தொலைவு தமிழில் சட்டென்று தெரிந்தது.

எழுத்தின் அளவைப் பற்றி ஒரு குறிப்பு, இதைச் செய்யப்போகிறவர்களுக்கு. மென்பொருள், நொடிக்கு இத்தனை எழுத்துக்கு மேல் போனால் சிவப்பில் எச்சரிக்கும். தமிழுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 'ஸ்பெயின்' என்பது நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு எட்டு, ஏனென்றால் புள்ளியையும் ஒற்றைக்கொம்பையும் மேல்விலங்கையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. எச்சரிக்கையை அணைத்துவிட்டுச் சித்தப்பாவை வைத்தே அளந்தேன். இரண்டு வரி, வரிக்கு நான்கு சொல், மூன்று நொடி. இது அவருக்குச் சிரமமின்றிப் போனது. அதற்கு மேல் போகும் வசனத்தைச் சுருக்கினேன்.

டேப்லெட்டில் முதல் சோதனை கண்ணீர் வரவழைத்தது. அதன் பழைய மென்பொருள் தமிழைச் சேர்த்து எழுதத் தெரியாமல், கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளி, புள்ளியைத் தனியாக வட்டமிட்டுக் காட்டியது. எழுத்துருவை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. கடைசியில் எழுத்தைத் தனிக் கோப்பாக அனுப்புவதையே விட்டுவிட்டேன். மடிக்கணினியில் எஃப்எஃப்எம்பெக் கருவியைக் கொண்டு கறுப்பு வீடியோவின் மேலேயே தமிழ் வரிகளைப் பதித்துவிட்டேன். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ். இப்போது டேப்லெட்டுக்கு அது வெறும் படம். எந்தப் பழைய கருவியிலும் ஓடும். ஒரு திருத்தம் செய்தால் முழு வீடியோவையும் மறுபடி பதிக்க வேண்டும் என்பதே குறை. கறுப்புப் படம் ஆகையால் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

இரண்டையும் ஒன்றாகத் தொடங்க, கறுப்பு வீடியோவின் முன்னால் ஐந்து முதல் ஒன்று வரை எண்கள் வரும்படி வைத்தேன். வட்டைப் படத்தின் முதல் சட்டகத்தில் நிறுத்திவைத்து, எண்கள் முடியும்போது ஓட்டம். இடையில் தேநீருக்கு நிறுத்தினால்? அதற்காக டேப்லெட்டின் மூலையில் மங்கிய சாம்பல் நிறத்தில் நேரம் ஓடுகிறது. பிளேயர் காட்டும் நேரத்தோடு ஒப்பிட்டு, பிந்தியதைச் சற்று ஓட்டிச் சேர்த்துவிடலாம்.

தொலைக்காட்சியிலும் ஒரு காரியம் செய்ய வேண்டியிருந்தது. அசைவை வழுவழுப்பாக்கும் வசதி இப்போது பெரும்பாலான தொலைக்காட்சிகளில் தானாகவே இயங்குகிறது. இரண்டு சட்டகங்களுக்கு நடுவே இல்லாத சட்டகத்தை அது கற்பனை செய்து நுழைக்கும். ஒசோரியோ டெம்ப்ளர்களின் குதிரைகளை மெதுவான அசைவில் காட்டியிருக்கிறார். அந்தக் கனவுத்தன்மையே அவர் கண்டுபிடிப்பு. இவை ஸோம்பிகள் எனப்படும் நடமாடும் பிணங்கள் அல்ல, குதிரையேறிய மம்மிகள் என்பது அவர் நிலைப்பாடு. முகமூடிகளையும் அவரே வடிவமைத்தார். பெக்கெர் என்ற 19-ஆம் நூற்றாண்டு ஸ்பானியக் கவிஞரின் கதை ஒன்றில் சோரியா நகர மலையில் டெம்ப்ளர்களின் எலும்புக்கூடுகள் குதிரையேறி வரும். அந்த நிழல் இந்தப் படத்தின்மேல் விழுந்திருக்கிறது. இவ்வளவும் அந்த வழுவழுப்பில் மலிவான தொலைக்காட்சித் தொடர்போல் ஆகிவிட்டது. அணைத்தேன். கூர்மையைக் கூட்டும் வசதியையும் பூஜ்யத்தில் வைத்தேன். படச்சுருளின் மணல்மணலான துகள் தெரிய வேண்டும். அது அழுக்கன்று, படம் அதனால்தான் ஆகியிருக்கிறது. துகளைத் துடைத்த சீரமைப்புகளையும் பார்த்திருக்கிறேன், முகங்கள் மெழுகுபோல் இருக்கும்.

நிறத்தில் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பகலில் படம்பிடித்து, வடிகட்டி போட்டும் பிறகு இருட்டாக்கியும் இரவாக மாற்றுவதை ஸ்பானியர் 'நோச்செ அமெரிக்கானா', அமெரிக்க இரவு, என்பார்கள். இருட்டாக்கும் படியைப் பிரதியெடுப்பவர் மறந்தால் பேய்கள் பட்டப்பகலில் திரியும். என் டிவிடியில் அப்படித்தான் திரிந்தன. இப்போது அங்கே இரவு இருக்கிறது.

முதல் முழுக் காட்சி ஒரு ஞாயிறு மாலை. சித்தப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பொம்மைகள் செய்யும் பட்டறையில், மின்விளக்கு சிவப்பாக அணைந்து அணைந்து எரியும் காட்சியில், கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. உச்சக்கட்டத்தில்தான் தவறு வெளிப்பட்டது. பெட்டி மூச்சைப் பிடித்து அசையாமல் நிற்கிறாள். டெம்ப்ளர்கள் அவளைக் கடந்து போகிறார்கள். பிறகு அவள் இதயம் துடிப்பது கேட்டுத் திரும்புகிறார்கள். நான் "[இதயம் துடிக்கும் ஒலி]" என்று எழுதி, ஒலி தொடங்கும் நொடியிலேயே வைத்திருந்தேன். சித்தப்பா திரும்பி, "ஏன் திரும்பி வருகிறார்கள்? அவள்தான் சத்தம் போடவில்லையே" என்றார்.

வரி இருந்தது. ஆனால் அவர் கண் அந்த நேரத்தில் மேலே, அந்த முகங்களில் இருந்தது. வசனத்துக்குக் கீழே பார்க்கலாம் என்று உதடு அசைவது சொல்லிக்கொடுக்கும். ஒலிக்கு அப்படி எதுவும் சைகை காட்டாது. அவர் குனிந்து படித்து முடிப்பதற்குள் குருடர்கள் திரும்பிவிட்டார்கள்.

மூன்று திருத்தங்கள் செய்தேன். வரியை முக்கால் நொடி முன்னால் கொண்டுவந்தேன். "இதயம் துடிக்கும் ஒலி" என்ற நீளத்தை விட்டு "[நெஞ்சு... திக்... திக்...]" என்று எழுதினேன். நமக்கு அச்சம் என்றாலே நெஞ்சு திக்திக்கென்று அடிக்கும். மொழியிலேயே அந்த ஒலி இருக்கும்போது விளக்கம் எதற்கு? மூன்றாவது, ஒவ்வொரு 'திக்'கும் ஒலியோடு தனித்தனியாகத் தோன்றி மறையும்படி பிரித்தேன். எழுத்தே துடிக்க வேண்டும், கடைக்கண்ணில் அந்த அசைவு பட வேண்டும் என்பதற்காக. பதினான்கு துடிப்பு, பதினான்கு வரி. ஒரு நாள் முழுவதும் இதற்கே ஆனது.

அடுத்த ஞாயிறு அந்தக் காட்சியிலிருந்து மட்டும் போட்டேன். கீழே எழுத்து அடிக்கத் தொடங்கியதும் சித்தப்பாவின் வலது கை தானாக மேலே போய், சட்டைப் பையின்மேல் அழுந்தி நின்றது. ரயில் நிலையத்தை அடைந்து, கடைசி "[அலறல்]" மறையும்வரை அந்தக் கை இறங்கவில்லை. அவர் கேட்ட ஒரே கேள்வி, அந்தக் கத்தல் ஆணா, பெண்ணா என்பது. சொன்னேன். "அப்படியென்றால் அதையும் எழுது" என்றார். எழுதி, வீடியோவை மறுபடி பதித்தேன்.

ஒசோரியோ இதே வீரர்களை வைத்து 1975 வரை இன்னும் மூன்று படங்கள் எடுத்தார். ஆனால் அடுத்ததாக நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது நார்சிசோ இபான்யெஸ் செர்ரதோரின் 'லா ரெசிடென்சியா', 1969. பிரான்சில் ஒரு பெண்கள் விடுதி, தலைமையாசிரியையாக லில்லி பால்மர். இங்கே மூலத்தடக் கேள்வி தலைகீழாக வருகிறது, ஏனென்றால் இதை ஆங்கிலத்திலேயே படமாக்கினார்கள். அப்படியென்றால் மாணவிகள் தலைமையாசிரியையிடம் பேசும் மரியாதையை எங்கிருந்து எடுப்பது? ஸ்பானிய டப்பிங்கை இரவில் தனியாகக் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். வால்டோ டே லோஸ் ரியோஸின் இசையை எழுத்தில் எப்படிச் சொல்வது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. முதல் இருபது நிமிடத்துக்கு மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வருகிறார்.